புரோட்டோடைப் கார்களின் செலவுக்குப் பூட்டு: 2032 வரை தாங்குமா?

ஹட்டன் பொடியன்:
அண்ணன்மாரே, நீண்ட நேரக் கார் ரேஸில், ரேஸுக்கென்றே கட்டும் புரோட்டோடைப் கார்களின் மேல் வகுப்புத்தானே ஹைப்பர்கார். அதன் விதிகளை 2032 வரை நீட்டிவிட்டார்கள். செலவு கட்டுக்குள் இருக்கத்தான் என்கிறார்கள். ஆனால் போர்ஷே 2025 சீசனோடு உலகச் சாம்பியன்ஷிப்பை விட்டுப் போய்விட்டதே. அப்போ பூட்டு போட்டு என்ன பயன்?

நுவரெலியா கராஜ்:
தம்பி, இதற்கு முந்தைய, செலவு எகிறிய மேல் வகுப்பான எல்எம்பி1 காலத்தை நினைத்துப் பார். அவுடி 2016 முடிவில் போனது, போர்ஷே அடுத்த வருஷம். பெரிய கம்பெனிகளில் டொயோட்டா மட்டும் தனியாக ஓடியது. இப்போது ஹைப்பர்காரில் எல்எம்டிஎச் என்ற செலவு குறைந்த வகையைக் கட்ட வேண்டுமென்றால் டல்லாரா, லிஜியே, மல்டிமாட்டிக், ஓரேக்கா நாலு கம்பெனிகளில் ஒன்றிடம்தான் சேஸி, அதாவது காரின் அடிச்சட்டம், வாங்க வேண்டும். கியர்பாக்ஸ் எக்ஸ்ட்ராக் கம்பெனியுடையது, மின்மோட்டார் பொஷ் கம்பெனியுடையது, எல்லாருக்கும் அதேதான். அதே காரை அமெரிக்க ரேஸ் தொடரிலும் ஓட்டலாம். போர்ஷே அங்கே இன்னும் ஓட்டுகிறது. சீனாவில் விற்பனை விழுந்தால் கம்பெனி ரேஸில்தான் முதலில் கை வைக்கும். அதற்கு விதிப் புத்தகம் என்ன செய்யும்?

ஆனால் பூட்டு காருக்குத்தான், பட்டறைக்கு இல்லை. நம்ம நுவரெலியா மகாகஸ்தோட்டை மலைப்பாதைக் கார் ரேஸில் சிசி பார்த்து வகுப்புப் பிரித்தால் பொடியன்கள் காசை டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் கொட்டுவார்களே, ஹைப்பர்காரிலும் அதே கதை. சிமுலேட்டர், டெஸ்டிங், மென்பொருள், இஞ்சினியர் சம்பளம் என்று பணம் வேறு வழியில் ஓடும்.

பண்டாரவளை ரசிகன்:
ஹைப்பர்காருக்கு ஒரு படி கீழே இருக்கும் எல்எம்பி2 வகுப்புதான் சரியான வழி அண்ணே. 2017 முதல் எல்லாருக்கும் ஒரே கிப்சன் 4.2 லிட்டர் வி8 இஞ்சின். இருந்தும் 2023க்குப் பிறகு உலகச் சாம்பியன்ஷிப்பில் இடமில்லை, அதன் பெரிய ரேஸான லே மான்ஸ் 24 மணி நேரத்தில் மட்டும் விடுகிறார்கள்.

நுவரெலியா கராஜ்:
ஹைப்பர்கார் வரிசை நிறைந்துவிட்டது, வேறென்ன. எல்லாருக்கும் ஒரே இஞ்சின் என்றால் ஃபெராரி வராது தம்பி. 2023, 24, 25 மூன்று லே மான்ஸையும் அடித்தது அவர்கள் சொந்தமாகக் கட்டிய எல்எம்எச் என்ற இன்னொரு வகை ஹைப்பர்கார்தான். அந்தக் காரில் மின்மோட்டார் முன் சில்லுகளைத் தள்ளும், எல்எம்டிஎச்சில் பின்னால். இந்த இரண்டையும் எடையும் பவரும் மாற்றி மாற்றிச் சமன் செய்வதில்தான் பாதிச் சண்டை. எல்லாவற்றுக்கும் பவரில் ஒரு மேல்வரம்பு உண்டு. அதற்கு மேல் தேடினாலும் பிடுங்கிவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், அடுத்த விதியில் ஹைப்ரிட் முழுவதையும் ஒரே கடையில் வாங்கச் சொல்ல வேண்டும். இஞ்சினை மட்டும் அவனவன் விருப்பத்துக்கு விடு. சத்தமாவது வேறு வேறாகக் கேட்கும்.

ஹட்டன் பொடியன்:
சரி அண்ணே, டெஸ்டிங் நாட்களையும் குறைத்தால்?

நுவரெலியா கராஜ்:
குறைக்கலாம். ஆனால் சிமுலேட்டருக்குள் உட்கார்ந்திருப்பவனை யார் போய் எண்ணுவது?