புதுப்பிப்பு: பாட்டியின் சிவப்பு நெல் எந்த ரகம்?

பாட்டி திருவாரூரிலிருந்து கொண்டுவந்து, எங்கள் தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் ஆண்டுதோறும் விதைத்துக் காத்த சிவப்பு நெல் மாப்பிள்ளைச் சம்பாதானா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். அக்காள் மகளும் அவள் கல்லூரித் தோழிகளும் இளம் இலைகளிலிருந்து டி.என்.ஏ. பிரித்துப் பார்த்துவிட்டார்கள்.

முதல் சோதனை ஏமாற்றம். தாவர இனங்களை அடையாளம் காட்டும் பசுங்கணிக (இலைக்குப் பச்சை நிறம் தரும் செல் உறுப்பின்) மரபணு 'இது நெல்' என்பதோடு நின்றுவிட்டது. ரகம் பிரிக்க அதில் வேறுபாடு போதாது. பிறகு, ரகத்துக்கு ரகம் நீளம் மாறுகிற, திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. குறுந்தொடர்களை 12 குரோமோசோம்களிலும் ஒப்பிட்டார்கள். மாப்பிள்ளைச் சம்பாவோடு பொருந்தவே இல்லை! 'குள்ளக்கார்' என்ற இன்னொரு சிவப்பு நெல் ரகத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

பாட்டி அதை எப்போதும் 'கார் நெல்' என்றுதான் சொல்வார். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

விதை கேட்டவர்களுக்கு: அடுத்த அறுவடை முடிந்ததும் ஆளுக்கு ஒரு பிடி தருகிறேன்.