புளியரையில் பதினோரு மணிக்குக் கட்டும் கடை

செங்கோட்டைக்காரன்:
கொச்சியில் வேலை, சொந்த ஊர் செங்கோட்டை. ஃப்ளாட் லோன் ஓடுகிறது, அதற்கு மேல் கார் லோன். வேறு கம்பெனியில் கூப்பிட்டார்கள். சம்பளம் கூடும், ஞாயிற்றுக்கிழமை போய்விடும். போன குற்றால சீசனில் ஊருக்கு வந்தபோது இதே யோசனையில், கேரள எல்லையில் இருக்கிற புளியரையில் டீ குடிக்க நிறுத்தினேன்.

கேரளா போகிற வைக்கோல் லாரிகளும் காய்கறி லாரிகளும் செக்போஸ்ட் வரை வரிசை கட்டி நின்றன. அண்ணாச்சியோ பாய்லரைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மணி பதினொன்று.

"இவ்வளவு லாரி நிக்குது, கடையைக் கட்டுறீங்களே?"

"நாலு மணிக்குத் தொறந்தது தம்பி. இனிமே ஓட்டணும்னா ஆள் போடணும், இன்னொரு பாய்லர் வாங்கணும். அதுக்கு வட்டிக்கு எடுத்தா ராத்திரி தூக்கம் போயிரும்."

ஆசையில்லாத மனுஷன் என்று நினைத்தேன். தப்பு. வயல் விற்ற பணத்தில் 9 லட்சத்தைப் போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் போட்டிருக்கிறார். ஒருவர் பெயரில் அதற்கு மேல் போட முடியாது. 7.4 சதவீத வட்டியில் மாதம் 5,550 ரூபாய் வருகிறது. அது அரிசி பருப்புக்கு. டீ வருமானம் மகள் படிப்புக்கு. டீத்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பாஸ்புக்கை எடுத்துக் காட்டினார். அவருடைய நிம்மதியில் பாதி அந்தக் கவருக்குள்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

"விலைவாசி ஏறினாலும் அந்த 5,550 ஏறாதே அண்ணாச்சி?"

"அதான் டீ விலையை ஏத்திட்டோம்ல."

வேலை மாறுவதைத் தள்ளிப்போட்டுவிட்டேன். முதலில் கார் லோனை அடைக்கிறேன்.

மலைச்சாரல்:
எங்க அப்பாவும் 'போதும்' என்கிற ஆள்தான். ஆரியங்காவு பக்கம் ரப்பர் பால் வெட்டு. மழைக்காலத்தில் வெட்டு நின்றாலும் கவலைப்பட மாட்டார், மரம் எங்கே போகப் போகுது என்பார். சேமிப்பு, இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது. நெஞ்சுவலி வந்த ராத்திரி ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்னார்கள். அம்மா தாலிச் செயினைக் கழற்றிக் கொடுத்தாள். அப்பா பிழைத்துவிட்டார். செயினை மீட்க நாலு வருஷம் ஆனது, அதுவும் என் சம்பளத்தில். எளிமையாக வாழணும் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு அம்மா கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிறுதான் ஞாபகம் வரும். உங்க அண்ணாச்சியை எனக்குப் பிடித்திருக்கிறது, அந்த பாஸ்புக்குக்காக.

செங்கோட்டைக்காரன்:
சரிதான் அக்கா. ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. தமிழ்நாட்டில்தான் 2003-லேயே லாட்டரியை நிறுத்திவிட்டார்களே, அதனால் அண்ணாச்சி வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி, எல்லையில் இருக்கிற கோட்டைவாசலைத் தாண்டிக் கேரளாவுக்குப் போய் ஓணம் பம்பர் லாட்டரி வாங்குவாராம். டிக்கெட் 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. விழுந்தால் என்ன செய்வீங்க என்று கேட்டேன்.

"மொதல்ல தம்பிகிட்ட சொல்ல மாட்டேன்" என்றார்.