தாய்மாமன் சீர்த்தட்டில் கையால் செய்ததை வைக்கலாமா?

பாம்பன் மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். என் நாத்தனார் மகனுக்கு வைகாசிக் கடைசியில் காதுகுத்து. என் வீட்டுக்காரர்தான் தாய்மாமன். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் நிற்கிறது. நிவாரணம் 8,000 ரூபாய் வந்தாலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கே சரியாகப் போய்விடும்.

கம்மல் பற்றிக் கவலை இல்லை, மாசியிலேயே எடுத்து வைத்துவிட்டோம். மீதி இருப்பது 11 சீர்த்தட்டு. பழம், இனிப்பு, பிள்ளைக்கு உடுப்பு, பொம்மை எல்லாம் வைத்துக் கண்ணாடித்தாள் சுற்றித் தர ஒரு கடையில் 9,500 கேட்கிறார்கள். நானே செய்யலாம் என்று நினைக்கிறேன். தட்டுக்குப் பதில் ஓலைக் கொட்டான். அதில் தொதல் (கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் கிண்டுகிற அல்வா), அதிரசம், கடலை உருண்டை, எங்கள் அம்மா வீட்டுக் கொல்லையில் காய்த்த முண்டு மிளகாய், நானே தைத்த இரண்டு சட்டை. மூவாயிரத்துக்குள் முடித்துவிடலாம். எங்கள் அத்தையோ, "ஊர் சிரிக்கும், என் மகள் தலைகுனிந்து நிற்பாள்" என்று அழுகிறார். நான் நினைப்பது தப்பா?

தொண்டி அண்ணன்:
தங்கச்சி, கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அத்தை சொல்வதுதான் சரி. சினேகிதி பிறந்த நாளுக்குக் கையால் செய்ததைக் கொண்டு போங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தாய்மாமன் சீர் வேறு. மேளத்தோடு தெருவில் நடந்து வருவது அது. திண்ணையில் இருக்கிற ஒவ்வொருவரும் தட்டை எண்ணுவார்கள், எதில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சீரை வாங்கி வைப்பது உங்கள் நாத்தனார் இல்லை, அவருடைய மாமியார்.

என் தங்கை மகள் சடங்குக்கு நான் ஒரு நெருக்கடியில் சீரைக் குறைத்துக் கொண்டு போனேன். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் "உங்கள் அண்ணன் கொண்டு வந்த சீரைத்தான் பார்த்தோமே" என்று என் தங்கையை ஆறு வருஷம் குத்திக் காட்டினார்கள். எனக்குத் தெரிய வந்தபோது நான் சாப்பிடவில்லை. அதனால்தான் சொல்கிறேன். ஒரு ஐயாயிரம் கைமாற்று வாங்கியாவது முறையாகச் செய்துவிடுங்கள். இன்னொன்று, மிளகாயைக் கையில் கொடுத்தாலே சண்டை வரும் என்பார்கள், அதைப் போய்ச் சீரில் வைக்கலாமா?

கீழக்கரை லாத்தா:
தொண்டி அண்ணன் சொல்கிற வலி எனக்குப் புரிகிறது. ஆனால் தொதலைக் குறைவான பண்டம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் சம்பந்தி வீட்டுக்குத் தொதல் போனால் அது பெரிய மரியாதை. கடையில் வாங்கியதா வீட்டில் கிண்டியதா என்று வாயில் வைத்ததுமே கண்டுபிடிப்பார்கள். வீட்டில் கிண்டியது என்றால் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பும்போது உள்ளே ஏதாவது வைத்துத்தான் அனுப்புவார்கள்.

பாம்பன் தங்கச்சி, நான் செய்கிற அளவு இது. அரைக் கிலோ பச்சரிசி மாவுக்கு ஒரு கிலோ கருப்பட்டி, நல்ல முற்றல் தேங்காய் நாலு. முதல் பாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் பாலில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, காய்ச்சி வடிகட்டிய கருப்பட்டிப் பாகை ஊற்றி அடுப்பில் ஏற்ற வேண்டும். கெட்டியாகத் தொடங்கும்போது முதல் பால். அதற்கப்புறம் கை ஓயக் கூடாது, விட்டால் அடிப்பிடித்துவிடும். மூன்று மணி நேரமாவது ஆகும், ஆள் மாற்றி ஆள் கிண்ட வேண்டும். முதலில் கூழாக இருக்கும், அப்புறம் பசையாக இழுக்கும், கடைசியில் சட்டியின் ஓரத்தில் தேங்காய் எண்ணெய் கசிந்து, மொத்தமும் ஒரே உருண்டையாகச் சட்டியை விட்டு விலகி வரும். அதுதான் பதம். எண்ணெய் கக்குவதற்கு முன்னால் இறக்கினால் நாலு நாளில் பூசணம் பிடிக்கும். முந்திரியைக் கடைசியில் போடு. ஈரக் கரண்டி படக் கூடாது. விறகு அடுப்பு இருந்தால் அதில் செய், கேஸில் வைத்தால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

கருப்பட்டியைப் பார்த்து வாங்கு. அசல் என்றால் கிலோ 300 ரூபாய்க்குக் குறையாது. அதைவிட ரொம்ப மலிவாகக் கிடைத்தால் சீனி கலந்திருக்கும்.

சாயல்குடி ஓலைக்காரி:
நான் பெட்டி முடைகிறவள். எங்கள் அம்மாவும் முடைந்தார்கள். சீரில் கொட்டான் வைப்பது நல்லதுதான், ஆனால் "மூவாயிரத்துக்குள் முடித்துவிடலாம்" என்று நீ எழுதியதில் எனக்கு ஒரு வருத்தம். உன் கைக்கு என்ன கூலி போட்டாய்?

கொட்டான் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். பனையில் விரியாத குருத்தை ஏறி வெட்ட வேண்டும். வெட்டியதை வெயிலில் மூன்று நாலு நாள் காய வைத்தால் பச்சை போய்ச் சந்தன நிறம் வரும். ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, ஓலையை ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். ஒன்று தடித்து ஒன்று மெலிந்தால் பெட்டி கோணிக்கொள்ளும். முடைகிறபோது ஓலை ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்தால் மடிக்கிற இடத்தில் முறியும். அதனால்தான் நாங்கள் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் உட்காருகிறோம். இந்தக் கடற்கரை வெயிலில் நடுப்பகலில் உட்கார்ந்தால் ஈரத்துணியில் சுற்றி வைத்த ஓலையும் முறுகிப்போகும். அடியைப் பின்னி, மூலை திருப்பி, சுவர் எழுப்பி, வாயை நாரால் கட்டி முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம். புதிதாகச் செய்கிறவளுக்கு மூன்று மணி நேரம் ஆகும், விரல் நுனியும் கீறும். 11 கொட்டான் என்றால் 33 மணி நேரம் ஆச்சு. செலவு கம்மி என்று சொல். மலிவான சீர் என்று மட்டும் சொல்லாதே. பெண்கள் செய்தால் அதற்கு விலை கிடையாது என்று நாமே சொன்னால் சந்தையில் எங்கள் பெட்டிக்கு யார் விலை கொடுப்பார்கள்?

டவுன் பஸ்ஸ்டாண்ட்:
இத்தனை கஷ்டம் எதற்கு? கடற்கரையில் சிப்பி, சங்கு, பவளப்பாறைத் துண்டு எல்லாம் சும்மா கிடக்கிறது. பிள்ளைகளை விட்டுப் பொறுக்கி, ஒரு கண்ணாடியைச் சுற்றி ஒட்டினால் 100 ரூபாயில் அருமையான பரிசு. என் மதினிக்குச் செய்து கொடுத்தேன், இன்னும் ஹாலில் மாட்டியிருக்கிறார்.

மண்டபத்தான்:
அண்ணே, பவளப்பாறை வேண்டவே வேண்டாம். செத்து ஒதுங்கிய துண்டானாலும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-லேயே பவளப்பாறை, கடல் அட்டை, கடல் குதிரை, சில வகைச் சங்கு சிப்பிகளைச் சேர்த்துவிட்டார்கள். வைத்திருந்தாலே வழக்கு. நம் எதிரே இருக்கிற 21 தீவும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. பிள்ளைகளுக்கு எது பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்று தெரியாது. அடையாளம் தெரியாத எதையும் பொறுக்க விடாதீர்கள்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சின்ன வயதில் பாறைக்கு மேலே மிதந்துகொண்டே கீழே பார்ப்போம், மான்கொம்பு மாதிரி கிளைகிளையாக நிற்கும், அதற்குள் குஞ்சு மீன் நுழைந்து நுழைந்து வரும். அந்தக் காலத்தில் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் வெட்டி வெட்டி எடுத்தார்கள். மீன் குஞ்சு தங்க இடமில்லாவிட்டால் நாளைக்கு நம் வலையில் என்ன விழும்?

அந்தத் தங்கச்சிக்கு ஒரு யோசனை. காதுகுத்து முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குத் திரும்புகிறபோது நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். தடைக்காலத்திலும் நாட்டுப்படகு போகிறது, நெத்திலி கிடைக்கும். மணலில் பரப்பாமல் பழைய வலையைக் கட்டிலில் கட்டி அதன் மேல் காய வையுங்கள். கடித்தால் ஒரு மணல் நறநறக்காது. மதுரைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிப் போவார்கள்.

தொண்டி அண்ணன்:
மண்டபத்துத் தம்பி பவளப்பாறை பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டவுன்காரரே, அந்தக் கண்ணாடியை எடுத்துவிடும்படி மதினியிடம் சொல்லுங்கள்.

ஆனால் என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கொட்டான் முடைவது எவ்வளவு கஷ்டம் என்று சாயல்குடித் தங்கச்சிக்குத் தெரியும், எனக்கும் இப்போது தெரியும். நாத்தனாரின் மாமியாருக்குத் தெரியுமா? அவர் கண்ணுக்கு அது பனை ஓலை, அவ்வளவுதான். பார்க்கிறவருக்குப் புரியாத உழைப்பைக் கொண்டு போய் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணை அங்கே தனியாக விட்டுவிட்டு நாம் பஸ் ஏறி வந்துவிடுவோம். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சாயல்குடி ஓலைக்காரி:
அண்ணே, உங்கள் தங்கை பட்ட வேதனையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவரைக் குத்திக் காட்டியவர்கள் நீங்கள் கடன் வாங்கி 21 தட்டு கொண்டு போயிருந்தால் வேறு ஒன்றைச் சொல்லிக் குத்தியிருப்பார்கள். அப்போது தங்கைக்குப் பேச்சும் தீர்ந்திருக்காது, உங்களுக்கு வட்டியும் தீர்ந்திருக்காது. எங்கள் தெருவில் ஒரு காதுகுத்துச் சீருக்கு வாங்கிய கடனுக்கு அடுத்த வருஷம் அந்தக் கம்மலையே அடகு வைத்தார்கள். நான் கண்ணால் பார்த்தது.

புரியாது என்கிறீர்கள். எங்கள் பாட்டி காலத்தில் சீர் போனதே ஓலைப் பெட்டியில்தான். அந்த மாமியாருக்கு அறுபது வயது இருக்குமா? அவர் கல்யாணத்துக்கே நார்ப்பெட்டியில் பலகாரம் வந்திருக்கும். அவர் மறந்திருக்க மாட்டார்.

பெரியபட்டினம் சவூதி:
இடையில் ஒரு வார்த்தை. நான் இங்கே வந்து ஒன்பது வருஷம். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் உம்மா கொடுத்து அனுப்பும் கொட்டானில் தொதல் தீர்ந்த பிறகும் கொட்டானை நான் தூக்கிப் போட்டதில்லை. மூன்று வைத்திருக்கிறேன். ஒன்றில் சாவி, ஒன்றில் மாத்திரை. மூடியைத் திறந்தால் இன்னும் கருப்பட்டி வாசம் வருகிறது.

பாம்பன் மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் யோசித்தேன். தொண்டி அண்ணன் சொன்னதை அத்தையிடம் அப்படியே படித்துக் காட்டினேன், "பார்த்தாயா" என்றார். ஓலைக்கார அக்கா எழுதியதையும் படித்தேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து அவருடைய அம்மா வீட்டில் கடகம் முடைந்த கதையைச் சொன்னார்.

கைமாற்று வாங்கப் போவதில்லை அண்ணே. போன தடைக்காலத்தில் வாங்கியதே இன்னும் 4,000 நிற்கிறது. ஆனால் நாத்தனாரை ஒரு வார்த்தை கேட்காமல் நானே முடிவு செய்வது சரியில்லை என்று உங்கள் கதையைப் படித்த பிறகுதான் உறைத்தது. நேற்று போனில் பேசினேன். "மதினி, பழமும் பட்டு வேட்டியும் தாம்பாளத்தில் இருக்கட்டும், அதை மட்டும் என் மாமியார் கட்டாயம் பார்ப்பார். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம், தொதல் மட்டும் நிறையக் கொண்டு வாங்க" என்றாள். அதனால் நாலு தாம்பாளம் கடைச் சாமான், ஏழு கொட்டான் என் கையால். முண்டு மிளகாய் சீரில் வராது. நம் மிளகாய் என்று 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது ஆசையாக இருந்தாலும், அண்ணன் சொன்ன சம்பிரதாயத்தை மீற மனசு வரவில்லை. அப்புறமாகப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

அக்கா, கொட்டானுக்குச் சாயம் போடலாமா? சிவப்பும் பச்சையும் கலந்தால் பார்க்க நன்றாக இருக்குமே.

தொண்டி அண்ணன்:
நாத்தனாரைக் கேட்டது நல்ல காரியம், நான் அன்று அதைச் செய்யவில்லை. ஆனாலும் ஏழு கொட்டான் அதிகம் என்றுதான் என் மனசுக்குப் படுகிறது. இன்னும் இரண்டு தாம்பாளம் கூட்டுங்கள். என் கருத்தை மாற்றிக்கொள்ள முடியவில்லை தங்கச்சி. மொய்க்கு ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், நோட்டில் கொட்டானை எழுத மாட்டார்கள்.

கீழக்கரை லாத்தா:
ஏழு கொட்டானில் மூன்று தொதல் என்றால் மேலே சொன்ன அளவை இரட்டிப்பாக்கு. ஒரே சட்டியில் போடாதே, கிண்ட முடியாது. இரண்டு தடவையாகச் செய்.

சாயல்குடி ஓலைக்காரி:
சாயம் போடலாம். வெந்நீர் கொதிக்கும்போது பொடியைக் கரைத்து ஓலையை முக்கி எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். ஆனால் பலகாரம் வைக்கிற கொட்டானில் சாய ஓலை வெளிப்பக்கம் மட்டும் வரட்டும். உள்ளே வாட்டிய வாழையிலை விரித்துவிடு, தொதலின் எண்ணெய் ஓலையில் இறங்காது. முடைந்து முடித்ததும் இரண்டு நாள் நல்ல வெயிலில் வை, இல்லாவிட்டால் உங்கள் ஊர் உப்புக் காற்றில் கறுப்புப் புள்ளி விழும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் வந்து மாறி வா. வெயில் ஏறுவதற்குள் இரண்டு கொட்டானாவது முடைந்துவிடலாம். குருத்து என்னிடம் காய்ந்து இருக்கிறது. உன் அத்தைக்குப் பின்னல் மறந்திருக்காது, அவரையும் கூட்டி வா.