வெப் டிசைனில் கை கொடுத்த ப்ரவுசர் கருவிகள்: உங்கள் அனுபவம் என்ன?

இழை தொடங்கியவர்:
ஒரு ஜவுளிக்கடைக்குத் தமிழில் வலைத்தளம். என் மேக்கில் தலைப்புகள் பளிச்சென்று இருந்தன. கடைக்காரர் தன் விண்டோஸ் கணினியில் பார்த்துவிட்டு, "எழுத்து வேற மாதிரி இருக்கே தம்பி" என்றார். இரண்டு பேர் பார்ப்பதும் ஒரே தளம்தான். எழுத்துரு (ஃபாண்ட்) பெயர் சொல்லும் எக்ஸ்டென்ஷன், அதாவது ப்ரவுசரில் ஏற்றும் துணைக்கருவி, ஒன்றைப் போட்டுப் பார்த்தால் 'பாப்பின்ஸ்' என்றது. டிசைன் ஃபைலிலும் அதுதான் இருந்தது. ஆனால் அந்த எக்ஸ்டென்ஷன் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறியீடு) எழுதியிருப்பதை அப்படியே ஒப்பிக்கிறது, திரையில் வந்திருப்பது என்ன என்று அதற்குத் தெரியாது.

விடை குரோமிலேயே இருந்தது. எஃப்12 அழுத்தி டெவ்டூல்ஸைத் (ப்ரவுசருக்குள்ளேயே இருக்கும் டெவலப்பர் கருவிகள்) திறந்து, எலிமெண்ட்ஸ் பகுதியில் தலைப்பைத் தேர்ந்தெடுத்து, 'கம்ப்யூட்டட்' பகுதியின் அடிக்குப் போங்கள். அங்கே 'ரெண்டர்டு ஃபாண்ட்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும். எந்த எழுத்துரு, நெட்வொர்க்கில் இறங்கியதா, கணினியிலேயே இருந்ததா எல்லாம் தெரியும். பாப்பின்ஸில் லத்தீனும் தேவநாகரியும் உண்டு, தமிழ் கிடையாது. அதனால் விலையும் ஆங்கிலமும் மட்டும் பாப்பின்ஸில் வர, தமிழுக்கு விண்டோஸ் நிர்மலா யுஐயையும் மேக் தமிழ் சங்கம் எம்என்னையும் எடுத்துக்கொண்டன. தமிழுக்கென்று முக்தா மலரைச் சேர்த்ததும் இரண்டு கணினியிலும் ஒன்றுபோல ஆனது. ஃபயர்ஃபாக்ஸில் இதற்கென்றே 'ஃபாண்ட்ஸ்' என்று தனிப் பகுதி உண்டு. அது இன்னும் தெளிவு என்பது என் கட்சி.

பழைய கை:
பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எங்கே உதைக்கிறது என்று தெரியாமல் வரிக்கு வரி அலர்ட் (திரையில் குதிக்கும் செய்திப் பெட்டி) போட்டு, ஓகே அழுத்தியே விரல் தேய்ந்த தலைமுறை நாங்கள். 2006ல் ஜோ ஹெவிட் ஃபயர்ஃபாக்ஸுக்காக ஃபயர்பக் என்ற எக்ஸ்டென்ஷனைக் கொண்டுவந்தார். பக்கத்தின் எந்தப் பெட்டிக்கு எவ்வளவு மார்ஜின் (வெளி இடைவெளி), எவ்வளவு பேடிங் (உள் இடைவெளி) என்று கண்ணால் பார்த்து, அங்கேயே மாற்றிச் சோதிக்க முடிந்தது. அடேயப்பா, அந்தச் சந்தோஷம்! 2017ல் ஃபயர்பக்கை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் அது செய்த வேலையெல்லாம் ப்ரவுசருக்குள்ளேயே வந்துவிட்டது.

கிறிஸ் பெடெரிக்கின் 'வெப் டெவலப்பர்' எக்ஸ்டென்ஷனை மட்டும் நான் விடவில்லை. சிஎஸ்எஸ்ஸை மொத்தமாக அணைத்துப் பார்க்க அதுதான் சுலபம். மற்றபடி கண்ட எக்ஸ்டென்ஷனையும் ஏற்றாதீர்கள். 'எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கலாம், மாற்றலாம்' என்று அனுமதி கேட்பவை நிறைய. நிறம் எடுத்துக் கொடுக்கும் கருவிக்கு என் வங்கிப் பக்கத்தில் என்ன வேலை?

டெஸ்டிங் பக்கத்திலிருந்து:
ஒரு ஆர்டர் ஃபார்ம். சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் ஒரே பொருள் இரண்டு தடவை பதிவாகிறது என்று புகார். டெவலப்பர் தம்பிகளோ, "எங்க மெஷின்ல சரியா இருக்கே அக்கா" என்றார்கள். அலுவலக ஃபைபரில் சரியாகத்தானே இருக்கும்!

டெவ்டூல்ஸின் நெட்வொர்க் பகுதியில் வேகத்தை 3ஜிக்கு இறக்கினேன். பட்டனை அழுத்தினால் பக்கம் அசையவே இல்லை. காத்திருப்பவர் என்ன செய்வார்? மறுபடி அழுத்துவார். நானும் அழுத்தினேன். அங்கே வரும் பட்டியலில் போஸ்ட் ரிக்வெஸ்ட் (ஃபார்மின் தகவலை சர்வருக்கு அனுப்பும் கோரிக்கை) இரண்டு. 'பிரிசர்வ் லாக்' டிக் செய்திருப்பது முக்கியம். இல்லாவிட்டால் நன்றிப் பக்கம் திறந்ததும் பட்டியல் அழிந்துபோய் ஆதாரமே இருக்காது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். முதல் தடவை அழுத்தியதும் பட்டனை முடக்கினார்கள். ஒரே ஆர்டர் திரும்ப வந்தால் சர்வரும் ஏற்காதபடி செய்தார்கள்.

அப்புறம், 'மாத்திட்டேன், உங்களுக்குத்தான் பழசு தெரியுது' என்ற வாக்குவாதத்துக்கு அதே இடத்தில் 'டிசேபிள் கேஷ்' இருக்கிறது. ப்ரவுசர் சேமித்து வைத்த பழைய பிரதியை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்கச் சொல்வது அது. டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்வரைதான் வேலை செய்யும்.

புதிதாகச் சேர்ந்தவர்:
அக்கா சொன்னது எங்கள் டீமுக்கு இன்றைக்கே போகிறது. என் பங்குக்கு ஒன்று. மொபைலில் பக்கம் பக்கவாட்டில் லேசாக நகர்ந்து உயிரை வாங்கினால், எல்லா எலிமெண்ட்டுக்கும் (பக்கத்தின் ஒவ்வொரு பெட்டிக்கும்) சிவப்பு அவுட்லைன் வரும்படி டெவ்டூல்ஸில் ஒரு சிஎஸ்எஸ் வரி போடுங்கள். எது திரையைத் தாண்டி நீள்கிறது என்று தெரிந்துவிடும். பார்டர் போடாதீர்கள், அது அகலத்தையே மாற்றிவிடும். எனக்கு மாட்டியது 'உறுப்பினராகப் பதிவுசெய்துகொள்ளுங்கள்' என்ற பட்டன். ஆங்கிலத்தில் அது வெறும் 'ஜாயின்', அதனால் அகலத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நீளச் சொல்லை மடிக்கும் ஓவர்ஃப்ளோ-ராப் என்ற சிஎஸ்எஸ் வரியைக் கொடுத்தால் சொல் கண்ட இடத்தில் உடைகிறது. நான் 'சேருங்கள்' என்று மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அனுமதி இன்னும் வரவில்லை.