நேரில் சிரிப்பு, எடிட்டில் சப்பென்று இருக்கிறது: உதவி தேவை

18 நிமிட நகைச்சுவைக் குறும்படம். இரண்டே பாத்திரங்கள்: பூட்டிய வாசலில் நின்று சாவிக்காகச் சண்டை போடும் அண்ணன், தம்பி. ஒத்திகையில் கேமரா பிடித்தவரே சிரித்துவிட்டார். எடிட்டில் அதே காட்சி படுத்துவிட்டது.

ஒரே கேமரா, நொடிக்கு 24 ஃபிரேம், எடிட் செய்வது டாவின்சி ரிசால்வ் மென்பொருளில். எடிட்டில் உட்கார்ந்து 3 வாரமாகிறது. சிக்கல் 4 நிமிட வாசல் காட்சியில்தான். முதல் 40 நொடி இருவரும் ஒரே ஃபிரேமில். தம்பி பையைத் துழாவ, அண்ணன் பேசாமல் பார்த்துக்கொண்டே நிற்பார். பார்த்த 6 பேரும் அங்கே சிரித்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு க்ளோசப் என்று வெட்டியதும் ஒருவரும் சிரிக்கவில்லை. க்ளோசப்களைத் தனித்தனியாக எடுத்தோம் (என் தவறுதான்), அதனால் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கே விழும் வேகம் இல்லை. இருவரும் சேர்ந்த ஷாட்டிலோ 40 நொடிக்கு மேல் ஃபோகஸ் போய்விட்டது.

வசனத்துக்கு முன் 8 முதல் 12 ஃபிரேம் வரை இடைவெளி கூட்டிப் பார்த்தேன், குறைத்தும் பார்த்தேன். ஒருவர் முகத்தின் மேல் மற்றவர் குரலை ஓடவிட்டேன்; கொஞ்சம் தேவலை. பின்னணி இசை போட்டதும் இன்னும் மோசமானது, எடுத்துவிட்டேன். பழைய ஹாலிவுட் நகைச்சுவை ஜோடி லாரல், ஹார்டி படங்களை வெளியிடும் முன் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டி, சிரிப்பு நீளும் நேரத்தைப் பார்த்துத் திருத்துவார்களாம். இங்கே அளக்கச் சிரிப்பே வரவில்லை.

நடிகர்கள் இன்னும் ஒரே ஒரு நாள் தருவார்கள். இருக்கிற க்ளோசப்களை வைத்தே இந்தக் காட்சியைத் தேற்ற முடியுமா, இல்லை அந்த நாளில் இருவரையும் சேர்த்து நிறுத்தி முழுதாக மறுபடி எடுத்துவிடவா?