கொன்கொன் (சட்டியின் அடியில் மொறுமொறுவென்று பிடிக்கும் சோறு) சீராகப் பிடிக்க மாட்டேன் என்கிறது, உதவி தேவை

டொமினிக்கன் குடியரசின் சாந்தோ டொமிங்கோவில் இருக்கிறோம். மதியம் என்றால் லா பண்டேராதான்: வெள்ளைச் சோறு, சிவப்பு பீன்ஸ் குழம்பு, கோழி. சோற்றை வடிப்பதில்லை, எண்ணெயும் உப்பும் சேர்த்து வற்றவிடுவேன்.

பிரச்சினை அடியில் பிடிக்கும் கொன்கொன். பழைய கல்தேரோவில் (இங்கே சோறு வடிக்காமல் ஆக்கும் கனமான சட்டி) தேன் நிறத்தில் தகடாகப் பெயர்ந்து வரும், அதன்மேல் பீன்ஸ் ஊற்றிச் சாப்பிட வீட்டில் அடிதடியே நடக்கும். போன மாதம் புதிது வாங்கியதிலிருந்து நடுவில் கரி, ஓரத்தில் வெளுத்த ஈரச் சோறு.

சட்டி வார்ப்பு அலுமினியம், அடுப்பு கேஸ். நீள அரிசி 3 கப், தண்ணீர் நாலரை, எண்ணெய் 4 மேசைக்கரண்டி. தண்ணீர் வற்றியதும் ஒருமுறை கிளறி, மூடி, சிறு தீயில் 20 நிமிடம்.

எண்ணெயைக் கூட்டினேன், சோறு பிசுபிசுத்ததுதான் மிச்சம். அடியில் இரும்புத் தகடு வைத்தேன். கருகவில்லை, கொன்கொனும் இல்லை. சட்டியை அவ்வப்போது திருப்பியும் வைத்தாயிற்று. மாமியாரிடம் அளவு கேட்டால் கையைக் காட்டுகிறார்! எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்குவது மட்டும் பாக்கி.

புது அலுமினியக் கல்தேரோவில் ஓரம் வரை கொன்கொன் பிடிக்க, அதை முதலில் பழக்கியே ஆகவேண்டுமா?