உறை கிழிக்க ஒரு மெஷின்: கவுண்டி வாங்கலாமா?

வரிகட்டி:
அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எங்கள் கவுண்டி (மாவட்டம் மாதிரி) கமிஷனர்கள் கூட்டத்தின் அஜெண்டா வந்திருக்கிறது. தபால் வாக்கு உறைகளைத் திறக்க ஒன்று, பிரித்து அடுக்க ஒன்று என்று இரண்டு மெஷின்கள் வாங்கப் போகிறார்களாம். வழக்கமாக வருடத்துக்கு இரண்டே தேர்தல். மீதி நாளெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கப்போகிற மெஷினுக்கு என் சொத்து வரியா? நாலு பேரைக் கூடுதலாக உட்கார வைத்தால் முடிகிற வேலை.

உறைபிரித்தவள்:
அந்த நாலு பேரில் ஒருத்தியாக 2020 நவம்பரில் உட்கார்ந்தவள் நான். அப்போது முதலில் வெளி உறையில் கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஓரத்தைக் கிழித்து, வாக்குச் சீட்டு இருக்கிற உள் உறையை, அதாவது ரகசிய உறையை, வெளியே எடுக்க வேண்டும். எது யாருடையது என்று தெரியாதபடி கலந்த பிறகுதான் அதைத் திறக்கலாம். மடித்த சீட்டை எதிர்ப்பக்கம் மடித்து நீவிக் கொடுத்தால்தான் ஸ்கேனர் சிக்காமல் இழுக்கும். முதல் நூறு உறை விளையாட்டு மாதிரி போகும். மூன்றாவது மணி நேரத்தில் விரல் நுனியெல்லாம் காகிதக் கீறல். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் சீட்டே கிழிந்துவிடும். அப்புறம் அதை இரண்டு பேர் உட்கார்ந்து வேறு சீட்டில் பிரதி எடுக்க வேண்டும்.

ஏழுமணி:
சட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2019-இல் வந்த 77-ஆம் சட்டம், காரணம் கேட்காமல் எல்லோருக்கும் தபால் வாக்கு கொடுத்தது. ஆனால் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் உறையைத் திறக்கக் கூடாது. 2020-இல் மாநிலம் முழுவதும் சுமார் 26 லட்சம் தபால் வாக்குகள். தேர்தல் செவ்வாய்க்கிழமை, பைடன் இங்கே வென்றதாகச் செய்தி நிறுவனங்கள் சொன்னது சனிக்கிழமை. புளோரிடாவில் முன்கூட்டியே பிரித்து ஸ்கேன் செய்ய விடுகிறார்கள். இங்கேயும் சட்டத்தில் அந்த ஒரு வரியைத் திருத்தினால் மெஷினே வேண்டாம்.

வரிகட்டி:
அதேதான்! மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க் செய்த தப்புக்குக் கவுண்டி ஏன் பணம் கட்ட வேண்டும்?

பழைய கணக்கன்:
அந்தத் திருத்தம் வரும் வரும் என்று 2020-லிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அப்புறம், எல்லாம் சொத்து வரிதான் என்று சொல்லிவிட முடியாது. 2022-இன் 88-ஆம் சட்டம் கவுண்டிகளின் தேர்தல் செலவுக்கு 4.5 கோடி டாலர் மானியம் ஒதுக்கியது. தனியார் பணம் வாங்கத் தடை போட்டதும் அதே சட்டம்தான். 2020-இல் தேர்தல் செலவுக்கு ஃபேஸ்புக் ஜக்கர்பெர்க் தம்பதியின் நன்கொடை வந்தபோது நடந்த சண்டை நினைவிருக்கும். மானியம் வாங்கும் கவுண்டி 7 மணிக்குத் தொடங்கினால் இடையில் நிறுத்தாமல் எண்ணி முடிக்க வேண்டும். உங்கள் நாலு பேர் விடிய விடிய உட்காருவார்களா சார்? ஓவர்டைமையும் கூட்டிப் பாருங்கள்.

வரிகட்டி:
மானியத்தில் மெஷின் வந்துவிடும், சரி. வருடாவருடம் பராமரிப்பு ஒப்பந்தம்? மென்பொருள் உரிமம்? பிரிண்டரை மலிவாக விற்றுவிட்டு மையில் காசு பார்க்கிற கதைதான். இன்னொன்று: அடுக்கும் மெஷின் உறையை அளந்து பார்த்து, உள்ளே ரகசிய உறை இல்லை என்று கண்டுபிடிக்கிறதாம். திறக்காமலே ஒரு வாக்கு செல்லாது என்று மெஷினா முடிவு செய்வது?

உறைபிரித்தவள்:
பட்லர் கவுண்டி வழக்கைப் பாருங்கள், கதையே வேறு. 2024 பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) மெஷின் முன்கூட்டியே சொன்னதால்தான் வாக்காளர்களுக்குத் தகவல் போனது. அவர்களில் இரண்டு பேர் நேரில் போய் புரொவிஷனல் வாக்கு (சரிபார்த்த பிறகு எண்ணும் தற்காலிக வாக்கு) போட்டார்கள். அதை எண்ண மறுத்தது கவுண்டி. அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் எண்ணச் சொன்னது. எங்களை மாதிரி கையால் பிரித்திருந்தால் தேர்தல் நாளில் உறையைத் திறக்கும்போதுதான் தெரிந்திருக்கும். வாக்காளருக்கு யார் சொல்வது?

ஏழுமணி:
ஆனால் கையெழுத்தை ஒப்பிடும் வசதி என்று விற்பனையாளர் ஆரம்பித்தால் தலையாட்டிவிடாதீர்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் இங்கே வாக்கைத் தள்ள முடியாது என்று அதே நீதிமன்றம் 2020-இலேயே சொல்லிவிட்டது. அதற்குத் தனியாகக் காசு கேட்டால் வீண்.

வரிகட்டி:
உறை திறக்கும் மெஷின் மட்டும் என்றால் யோசிக்கலாம். அடுக்குகிற மெஷினுக்கு என் எதிர்ப்பு எதிர்ப்புதான். கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் பராமரிப்பு ஒப்பந்தத் தொகையைக் கேட்கப் போகிறேன்.

பழைய கணக்கன்:
எத்தனை வருடத்துக்கு ஒப்பந்தம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.